எதிர்ப்பவர் கை தூக்கலாம்

எங்கள் சங்கத்தில் பொதுக்குழு என்றால் சுண்டல் கட்டாயம் உண்டு, சார். முகப்பேரில் மற்ற குடியிருப்புகளில் கூட்டம் போட்டால் நாற்காலி பறக்கும். எங்கள் வீட்டுவசதி சங்கத்தில் யாரும் குரல் உயர்த்தியதில்லை. நான் செயலாளரான நாளிலிருந்து எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறியிருக்கிறது. முரண்டு பிடிப்பவர் வீட்டுக்குப் போவேன், காபி குடிப்பேன், பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்த பிறகுதான் கூட்டத்தையே கூட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கட்டடம் பழசாகி, கூரைக் காரை உதிர ஆரம்பித்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். மேல்மாடி அந்தோணிராஜ் மட்டும் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் மனைவி ஜெயகுமாரி கண்ணை மூடியது அந்த வீட்டில்தான். பல முறை போய்ப் பேசினேன்.

"இன்னா கங்காதரா, மெஜாரிட்டி கீதுல்ல? இட்சிக்கோ. நான் வேணாம்னுதான் கை தூக்குவேன். அதுக்கு ஏன் என் ஊட்டாண்ட வந்துகினே கீறே?"

அவர் சொன்னது நியாயம்தான். பெரும்பான்மை இருந்தாலே போதும், அது எங்களிடம் இருந்தது. ஆனால், 'ஒருவர் எதிர்ப்பு' என்று என் கையால் எழுத வேண்டுமே. அதுவரை அப்படி ஒரு வரி எழுதியதே இல்லை.

ஞாயிறு காலை மாதா கோவிலிலிருந்து திரும்பியவரை, தொட்டி கசிகிறது, வந்து பாருங்கள் என்று மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். அங்கே வைத்து மறுபடியும் கேட்டேன். "போ நைனா, வேற வேலையப் பாரு" என்று சிரித்துவிட்டுத் திரும்பினார். வால்வு திருகும் கம்பியால் பின்மண்டையில் அடித்தேன். உடனே விழவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மண்டை பிளக்கும்வரை அடிக்க வேண்டியதாயிற்று. பிறகு, விரிசல் விட்டிருந்த கைப்பிடிச் சுவரை உதைத்துத் தள்ளி, அதன் பின்னாலேயே அவரையும் உருட்டிவிட்டேன். சுவர் இடிந்து விழுந்துவிட்டார் என்று எல்லாரும் நம்பினார்கள். கட்டடம் எவ்வளவு மோசம் என்று கண்ணால் பார்த்ததும் அப்போதுதான். அந்த வகையில் அவர் சங்கத்துக்கு உதவினார் என்றே சொல்வேன்.

அடுத்த பொதுக்குழுவில் அவர் மகன் ஆன்டோ அழுதுகொண்டே ஆதரித்துக் கை தூக்கினான். பாவமாக இருந்தது, எனக்கும் கண் கலங்கியது. எதிர்ப்பவர் கை தூக்கலாம் என்று வழக்கத்துக்குக் கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

என் மனைவி சுதா, சார். எங்கள் இன்னொரு வீடு அவள் பெயரில் இருப்பதால் அவளும் உறுப்பினர். அந்த ஞாயிற்றுக்கிழமை என் சட்டையைத் துவைத்துப் போட்டவள் அவள்தான். அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கூட்டத்தை ஒத்திவைத்தேன். வீட்டில் நானே காபி போட்டுக் கொடுத்துப் பேசினேன்.

"அந்த மனுசன் உன்னை இன்னாய்யா பண்ணாரு? நான் தூக்குன கைய எறக்க மாட்டேன்" என்றாள்.

மறு கூட்டத்தில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சுதா கீழ்த்தொட்டியில் வழுக்கி விழுந்தாள் என்று நான் சொன்னது பொய்தான். ஆனால் ஒன்று, சார். அவள் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தபோதுகூட, "சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்று தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.