தூங்காத பிள்ளைகள்

நான் காப்பி குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. டம்ளரின் அடியில் தங்கியிருக்கும் மண்டியைப் பார்த்தாலே குமட்டும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

கடலூரில் இருபத்தெட்டு வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தினேன். தில்லையம்மாள் டீச்சர் என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வு பெற்றபின் சிதம்பரத்தில் ஒரு வீடு பிடித்து, வெளியூர்ப் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இந்த 2009இல் எட்டுப் பேர். பரீட்சைக்கு லீவு விட்டபிறகு நாள் முழுக்க என்னிடம்தான் இருந்தார்கள்.

நல்ல பிள்ளைகள். சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்கள், அது ஒன்றுதான் குறை. தூங்குகிறவர்களை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வாய் பிளந்து கிடக்கும். எச்சில் கடைவாயில் வழிந்து புத்தகத்தில் சொட்டி, எழுத்தெல்லாம் ஊறிப்போயிருக்கும். அறை முழுக்கப் புளித்த மூச்சு. என் கணவரும் இருபது வருடம் அப்படித்தான் கிடந்தார். அவர் போனதும் நான் முதலில் செய்த காரியம், அந்தத் தலையணையைக் கொளுத்தியது.

டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கி மூன்று வேளை கொடுத்தேன். இரண்டு வாரம் விழித்திருந்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போய் மறுபடி தலை தொங்க ஆரம்பித்தது. லாரி ஓட்டுகிறவர்கள் கண் அசராமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒன்று உண்டு. காப்பியில் இருக்கும் அதே சரக்குதான், செறிவு அதிகம். பொடித்துக் கலந்தேன். அவர்களிடம் சொல்லவில்லை.

ஒருத்திக்குக் கை நடுங்கி கிராஃப் கோணலாகப் போயிற்று. இன்னொருத்தி தினமும் காலையில் பழுப்பாக வாந்தி எடுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்தான் துடைத்தேன். ஆனால் ஒருத்தியும் தூங்கவில்லை. மாதிரித் தேர்வில் எட்டுப் பேருக்கும் மார்க் ஏறியது.

மோகனப்பிரியா குமராட்சிப் பக்கத்துப் பெண். அப்பா சடையப்பன் வயல் வேலைக்குப் போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மினிபஸ் பிடித்து வந்திருந்தார்.

"புள்ள ரொம்ப எளச்சிட்டாளே டீச்சர்."

"படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவல" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள். "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது டீச்சர். கண்ண மூடினாலும் தூக்கம் வர மாட்டேங்குது." டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாடியைப் பிடித்துப் பார்த்தவர், காப்பி ஜாஸ்தி குடிக்கிறாளா என்று கேட்டார். மூன்று வேளை என்று அவள் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். "துடிப்பு ஒழுங்கா இல்லம்மா. இனிமே ஒரு சொட்டு காப்பி குடுக்கக் கூடாது. உங்க பொறுப்பு."

டாக்டர் பேச்சை நான் மீறவில்லை. அன்றே அவளுக்குக் காப்பியை நிறுத்தினேன். சத்துமாவுக் கஞ்சி கொடுத்தேன். மாத்திரையை அதில் போட்டேன். அவர் மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

"காப்பிய விட்டுட்டன்ல டீச்சர், இனிமே சரியாயிடும்ல?" என்று கேட்டாள்.

"ஆயிடும்" என்றேன்.

இயற்பியல் பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. மதியம் போய்ப் பார்க்கிறேன், நோட்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறாள். உதட்டோரம் எச்சில் நூலாகத் தொங்குகிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டுக் கலக்கினேன்.

"கசக்குது டீச்சர்."

"மூச்சைப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சிடு."

குடித்துவிட்டாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. கொஞ்ச நேரத்தில் குடித்ததெல்லாம் வெளியே வந்தது. கை கால் இழுத்துக்கொண்டது. என் புடவையெல்லாம் அந்த நாற்றம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

என்ன கொடுத்தீர்கள், ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்று அங்கிருந்த டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கஞ்சி மட்டும்தான் என்றேன். மாத்திரை அட்டை என் கைப்பையில் இருந்தது. சொல்லியிருந்தால் மற்ற ஏழு பேரின் வீட்டிலும் கலவரமாகிப் படிப்பு கெட்டிருக்கும். நர்ஸ் பையைத் திறந்து அட்டையை எடுத்தபோது மோகனப்பிரியாவின் இதயம் நின்றுபோயிருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைக்கவைத்திருக்கலாம் என்றார் டாக்டர். அவர் சொல்வது சரிதான். என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டபோதே அது எனக்குத் தெரியும்.

ஆகவே நான்தான் கொன்றேன். தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே மறைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம் சார். மற்ற ஏழு பேரையும் பெற்றவர்கள் வந்து கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். நாளை மறுநாள் பரீட்சை. வீட்டுக்குப் போன நிமிஷமே அத்தனையும் விழுந்து தூங்கியிருக்கும். யாராவது போய் எழுப்பிவிடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள்மேல் அக்கறைப்பட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?