முறைத்தண்ணி வைத்தியம்

…அதத்தான் தம்பி நானும் கேக்குறேன், மனுசன் என்ன டிராக்டரா? பார்ட்டு பார்ட்டாக் கழட்டிப் பாக்குறதுக்கு? கண்ணு மங்குதுன்னு போனா கண்ணு டாக்டர் கண்ண மட்டும் பாக்குறாரு. ஒண்ணுக்கு அடிக்கடி வருதுய்யான்னா, அதுக்கு வேற டாக்டரு, மாடிக்குப் போங்கங்குறாக. மாடி ஏறுனா முழங்கால் வலிக்குது. அதச் சொன்னா முழங்காலுக்குன்னு தனியா ஒருத்தரு, அவரு செவ்வாக்கெழம மட்டும் வருவாராம்! இந்த ஒச்சாண்டிங்கிற முழு ஆளப் பாக்குறதுக்குக் கம்பம் பள்ளத்தாக்குல ஒரு டாக்டர் இல்ல. நீங்க எங்க, தேனியா? நானும் தேனிதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம்.

என்ன, என் காலையே பாக்குறீக? ஒத்தச் செருப்புதான் தம்பி. இன்னொண்ணு பஸ் ஸ்டாண்டுல எங்கனயோ கழண்டு போச்சு. எப்பக் கழண்டுச்சுன்னே தெரியல. சீட்டுல உக்காந்து குனிஞ்சா வலதுகால் மொட்டையா இருக்கு. இப்ப வர்ற செருப்பு எல்லாம் அப்படித்தான், ஒரு பிடிமானம் கிடையாது. கடைக்காரன்கிட்டக் கேட்டா, ‘உங்க காலு அப்படிய்யா’ங்குறான். என் காலு என்ன பண்ணுச்சு அவன?

சுகருதான். வேறென்ன. திராட்சை போடுறவனுக்குச் சுகரு. சிரிப்பு வருதுல்ல? சிரிங்க, எல்லாரும்தான் சிரிக்கிறாக. சுருளிப்பட்டியில எங்க தோட்டத்துக்கு வர்ற வியாபாரி கையில ஒரு குழாய் வச்சிருப்பான். பழத்தப் பிழிஞ்சு அதுல ஒரு சொட்டு விட்டு, கண்ணுக்கிட்ட வச்சுப் பாத்து, இனிப்பு எம்புட்டுன்னு சொல்லிருவான். ‘மாமா, ஒங்க ரத்தத்துலயும் ஒரு சொட்டு விட்டுப் பாப்பமா’ன்னு கேட்டான் ஒரு நாளு. படுவாப்பய.

நான் பாக்காத வைத்தியம் கிடையாது தம்பி. குமுளியில ஒரு வைத்தியரு, மலையாளத்தாரு. நாடியப் பிடிச்சாரு, கண்ண மூடுனாரு, ‘சாரமில்ல’ன்னாரு, பயப்பட ஒண்ணுமில்லன்னு அவுக பாஷையில. அந்த ஒத்த வார்த்தைக்கே பாதி நோவு போயிரும். கசாயம் குடுத்தாரு, அரிஷ்டம் குடுத்தாரு. என்னய்யா அரிஷ்டம் இனிப்பா இருக்குன்னு கேட்டேன். அது மருந்தோட இனிப்பு, நோய்க்குத் தெரியாதுன்னாரு. பெறகு சின்னமனூர்ல ஊசி குத்துற பிரின்சு. முன்னாடி செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருந்தவன்தான். ஆனா கை நடுங்காது, அதச் சொல்லியே ஆகணும். காதுல குத்துறான், கணையத்துல வேலை நடக்குதுங்குறான். கணையம் எங்க இருக்குன்னு கேட்டேன். ‘அது உள்ள இருக்குண்ணே’ன்னான். அப்புறம் நாட்டு மருந்து குருசாமி. அவரு குடுக்குற பொடி என்ன பொடின்னு அவரும் சொல்ல மாட்டாரு, நாமளும் கேக்கக் கூடாது. கேட்டா வேலை செய்யாதாம்.

எல்லாரும் ஒண்ணு போல ஒரே வார்த்தையத்தான் சொல்றாக. ‘நாங்க நோயப் பாக்குறதில்ல, முழு மனுசனப் பாக்குறோம்.’ ஆகா, கேக்க எம்புட்டு நல்லாருக்கு! ஆனா பாருங்க, ஒருத்தரு சோத்தத் தொடாதங்குறாரு. ஒருத்தரு சோத்த விட்டீன்னா உடம்பு காத்தாப் போயிரும்ங்குறாரு. ஒருத்தருக்குப் பாலு விசம். இன்னொருத்தரு மருந்தையே பால்லதான் கரைக்கச் சொல்றாரு. முழு மனுசன் நான் ஒருத்தன்தான? எத்தன பேருக்குன்னு நான் முழுசா இருக்குறது?

அப்பத்தான் யோசன பண்ணேன். நம்ம பெரியாத்துத் தண்ணி இருக்கே, லோயர் கேம்ப்புல எறங்கி வருதுல்ல, அத எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்துல தொறந்து விட்டா என்னாகும்? ஒருத்தனுக்கும் பத்தாது. வெட்டுக்குத்துதான் நடக்கும். அதுக்குத்தான முறைத்தண்ணி வச்சிருக்கோம்? இன்னிக்கு ஒன் மடை, நாளைக்கு என் மடை. எங்க ஊருல முறை பிரிச்சுக் குடுக்குற ஆளே நான்தான். என் முறையில ஒரு சண்டை வந்ததில்ல, விசாரிச்சுப் பாருங்க. மருந்துக்கும் அதே மாதிரி முறை வச்சேன். திங்களும் செவ்வாயும் இங்கிலீசு மாத்திர. புதன் குருசாமி பொடி. வியாழன் குமுளிக் கசாயம். வெள்ளி பிரின்சு ஊசி. சனியும் ஞாயிறும் இயற்கை. ஒருத்தன் முறையில இன்னொருத்தன் மடையில கை வைக்க மாட்டான். எப்படி?

இத இங்கிலீசு டாக்டர்கிட்டச் சொன்னேன் தம்பி. நல்ல மனசோடதான் சொன்னேன். அவரு பேனாவக் கீழ வச்சுட்டு என்னயவே பாத்தாரு. ‘சுகரு புதன்கெழம லீவு போடுமா’ன்னு கேட்டாரு. படிச்சவுக பேசுற பேச்சா இது? எந்திரிச்சு வந்துட்டேன். இப்ப திங்களும் செவ்வாயும்கூட இயற்கைக்கே எழுதிக் குடுத்தாச்சு.

இயற்கைன்னா சும்மா இல்ல. வைகுண்டராஜ் ஐயான்னு, தேனியில முழுநல ஆலோசகரு. என்னா பேச்சு! நோய்ங்குறதே கிடையாது, உடம்பு நம்மகூடப் பேசுது, நாமதான் காது குடுக்குறதில்லங்குறாரு. ஒங்க தோட்டத்துப் பழம் ஒங்க உடம்புக்கு எப்படி ஆகாமப் போகும், ரெண்டும் ஒரே மண்ணுதானங்குறாரு. எம்புட்டு நியாயம் பாருங்க! அதுல இருந்து தெனமும் ஒரு கொத்து. என் சம்சாரம் பாண்டியம்மா இருக்காளே, அவ கொத்தப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டா. மாட்டுக்குச் சுகர் வராதாடின்னு கேட்டேன். ‘மாடு ஒங்கள மாதிரி ஊரூரா வைத்தியம் பாக்காது, சொன்னதத் திங்கும்’ங்குறா. கட்டுன பொம்பள பேசுற பேச்சு.

வைகுண்டராஜ் ஐயா சொன்னதுல முக்கியமானது வெறுங்கால் நடை. காலும் மண்ணும் தொட்டுக்கிட்டே இருக்கணும், செருப்புதான் மனுசனுக்கும் பூமிக்கும் நடுவுல நிக்கிற பகையாளின்னாரு. எங்களுக்கு அது பழக்கம்தான், காய் எறங்குன கொடிக்கு அடியில எங்க வீட்டாளுக செருப்புப் போட்டுப் போறதில்ல. இப்ப தெனமும் விடியக்காலைல பந்தலச் சுத்திச் சுத்தி நடக்குறேன். இன்னிக்குக்கூட நடந்துட்டுத்தான் வாரேன்.

பலன் இருக்கா இல்லையான்னு கேளுங்க. ஐப்பசி வரைக்கும் எனக்குக் காலெரிச்சல் தம்பி. எரிச்சல்னா எரிச்சல், பாதத்துல மொளகாய அரைச்சுப் பூசுன மாதிரி. படுத்தா தூக்கம் கிடையாது, ஈரச்சாக்கக் கால்ல சுத்திக்கிட்டுக் கெடப்பேன். எந்த மாத்திரைக்கும் அடங்கல. வெறுங்காலா நடக்க ஆரம்பிச்சேன், கொஞ்சங் கொஞ்சமா அடங்குச்சு. தை பொறக்கையில சுத்தமா நின்னு போச்சு! எரிச்சலும் இல்ல, குத்தலும் இல்ல. ரெண்டு காலும் பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்கு இப்ப.

இத வீட்டுல ஒத்துக்கிறாளா? மாட்டா. போன வாரம் கால ஊற வைக்க வெந்நி கொண்டாந்து வச்சுட்டு, கலக்கப் பச்சத்தண்ணி எடுக்கப் போனா. நான் பாட்டுக்குக் கால விட்டுட்டு உக்காந்திருக்கேன். அவ பக்கத்துல வந்து வெரல முக்கிட்டு ‘ஆத்தாடி’ன்னு அலறுறா. கொதிக்கக் கொதிக்க இருக்குதாம். எனக்கு ஒண்ணுமே சுடலயேடின்னேன். தோலு செவந்து போச்சாம், கொப்புளமாம், அழுகுறா. அடியே, சுடலன்னா உடம்பு உரம் ஏறிருச்சுன்னு அர்த்தம், இதுக்குப் போயி அழுவாளா ஒருத்தின்னு சத்தம் போட்டேன்.

உத்தமபாளையம் தாண்டிட்டமா? கூட்டத்தப் பாருங்க. நம்ம சீட்டுக்கடியிலயும் பாருங்க, எவனோ வெத்தலயத் துப்பிட்டு எறங்கிப் போயிருக்கான். செவப்பா. ஈரங்கூடக் காயல. கால அங்கிட்டு வச்சுக்கோங்க தம்பி, ஒங்க பேண்ட்ல பட்டுறாம. நாடு எங்க உருப்படும்?

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்… ஆங், அவ அழுது பிடிச்சுக் கவர்மென்ட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கனயே சித்தாவுக்கும் ஒரு ரூம்பு இருக்கு, சரி, சித்தான்னா வாரேன்னுட்டேன். உள்ள பாத்தா டாக்டரு ஒரு சின்னப்புள்ள. பவானின்னு பேரு. என் மக வயசுதான் இருக்கும். நான் கசாயத்துக்கு நீட்டுன கைய அப்படியே நீட்டிக்கிட்டு இருக்கேன், அது ‘கசாயம் இருக்கட்டுங்கய்யா, செருப்பக் கழட்டுங்க, கால மொதல்ல பாக்கணும்’னுது. கேட்டீகளா கூத்த? வாயில குடிக்க மருந்து கேட்டா இது காலக் கேக்குது. கையில மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கோங்க, தொடும்போது சொல்லுங்கன்னு அப்படியே தரையில குத்த வச்சு உக்காந்துருச்சு! எனக்குப் பதறிப் போச்சு. படிச்ச பொம்பளப்புள்ள, அது போயி என் காலத் தொடுறதா? எங்க வீட்டுல சொந்த மகளையே தொட விட மாட்டேன், பொம்பளப்புள்ள காலத் தொட்டா நமக்குத்தான் பாவம். வெடுக்குன்னு கால மேல தூக்கிட்டேன். எந்திரி தாயின்னேன். அது விட்டாத்தான? ‘ஐயா, சுகரு மாத்திரய நிறுத்தாதீங்க, எங்க மருந்து அதுகூடச் சேந்துதான்’ங்குது. சித்தா டாக்டரே இங்கிலீசு மாத்திரைக்கு வக்காலத்து! ‘எரிச்சல் நின்னது நல்லதுக்கில்லைங்கய்யா’ன்னு வேற ஒரு வார்த்த. நோவு நின்னா நல்லதில்லையாம்! அந்த வயசுலயே என்னா பொறாம! பாண்டியம்மா வாசல்ல நின்னு கும்பிடுறா, காமிங்க காமிங்கன்னு. வந்துட்டேன்.

முழு மனுசன, முழு மனுசனன்னு சொல்லிட்டுக் காலப் பாக்குறாகளாம். வைகுண்டராஜ் ஐயா ஒரு நாளு என் காலப் பாத்ததில்ல. முகத்தப் பாத்தே சொல்லிருவாரு.

இன்னிக்கு எங்க போறேன்னு நெனைக்கிறீக? அவரோட முகாமுக்குத்தான். கல்யாண மண்டபத்துல. மேடையேறி என்னய அனுபவம் சொல்லச் சொல்லியிருக்காக. பேனர் அடிச்சு வச்சிருக்காக தம்பி, என் போட்டோவப் போட்டு, ‘காலெரிச்சலை வென்ற விவசாயி’ன்னு! செல்போன்ல அனுப்புனாக. பாண்டியம்மாகிட்டக் காட்டுனேன். பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ஒத்தச் செருப்போட மேடையேறப் போறோமேன்னு நெனச்சேன், பெறகு பாத்தா அதுவும் பொருத்தம்தான? இதையும் கழட்டி வீசிட்டு வெறுங்கால்லயே…

ஏ தம்பி… தம்பி, என்ன இது? எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாக. பஸ்ஸுக்குள்ள போயிக் காலத் தொட்டுக்கிட்டு… நான் அம்புட்டுப் பெரிய ஆளு இல்ல தம்பி. ஆம்பளப் பிள்ளைன்னாலும்… சரி, சரி, நல்லாருங்க. நோய் நொடி இல்லாமப் பிள்ளகுட்டியோட நல்லாருங்க. போதும், எந்திரிங்க. மேடையில பேசுனதுக்குப் பெறகுன்னாக்கூட ஒரு நியாயம்.

என்னது? கையில என்ன?

கம்பி. பந்தல்ல கொடி இழுத்துக் கட்டுற கம்பித் துண்டுல்ல இது. எங்க பந்தல்ல கெடக்கும் இது மாதிரி. ஒங்களுக்கு எங்க கெடச்சது?

என் கால்லயா?

இல்ல தம்பி. சும்மா சொல்லாதீக. இம்புட்டு நீளக் கம்பி. வெரல் நீளம் இருக்கு. இது ஏறுனா தெரியாதா ஒரு மனுசனுக்கு? விடியக்காலைல பந்தலுக்குள்ள நடந்தேன். அங்கன இருந்து பஸ்ஸுக்கு நடந்து வந்தேன், ஸ்டாண்டு பூராம் நடந்தேன், தேனி பஸ்ஸத் தேடிக்கிட்டு… ஒங்க கை ஏன் செவப்பா இருக்கு?

அப்ப கீழ கெடக்குறது வெத்தல இல்லயா.

கண்டக்டரு, ஒண்ணுமில்லய்யா, நீங்க போயி டிக்கெட்டப் போடுங்க. எதுக்கு விசில் அடிக்கிறீக? சின்னமனூர்ல நான் எதுக்கு எறங்கணும்? நான் தேனிக்கு… அங்கன மண்டபத்துல ஆளுக காத்துக்கிட்டு இருக்காக. தம்பி, நீங்களாவது சொல்லுங்க அவருகிட்ட. ஆஸ்பத்திரி எல்லாம்… நீங்களும் கூட வாரீகளா? ஒங்களுக்கு வேலை வெட்டி இல்லையா?

துண்டா? இந்தாங்க. கட்டுங்க, நல்லா இறுக்கியே கட்டுங்க. எனக்கு ரத்தம் பாத்தா ஆகாது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். ஒங்க மடியில போயி என் கால வச்சுக்கிட்டு… அந்தப் புள்ள அன்னிக்குத் தரையில குத்த வச்சுச்சு தம்பி. கண்ண மூடிக்கோங்க, தொடும்போது சொல்லுங்கன்னுச்சு. சொல்லியிருக்கலாம் நான். என்னன்னு சொல்லியிருப்பேன்?

தம்பி…

கட்டி முடிச்சிட்டீகளா? இல்ல, இன்னும் காலப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீகளா? சொல்லுங்க. எனக்குத் தெரியல.