வலி தொடங்கிய நேரம் 6.17

டும். கைபேசிக்குள் கேட்கிறது. மூன்று நொடி. மறுபடியும் டும். இந்த முறை அருகில். என் மகன் யாரையோ பார்த்து ஹிந்தியில் கத்துகிறான். பிறகு என்னிடம்: "அப்பா, ஷெல் விழுது. வைக்கேன்."

அழைப்பு அறுந்தது. வியாழக்கிழமை, மாலை 6.17.

அவன் ராணுவத்தில் மருத்துவ உதவியாளன். எல்லையில் ஒரு மலை முகாம். நான் மம்சாபுரத்தில். மனைவி இறந்த பிறகு வீட்டில் தனி ஆள். நாற்காலியை விட்டு எழுகிறேன். நெஞ்சின் நடுவில் அழுத்தம். தாடை வரை ஏறுகிறது. வியர்வை. பயம் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பயம் அல்ல.

போன விடுப்பில் அவன் கட்டிக் கொடுத்த மருந்துப் பை அலமாரியில் இருந்தது. உறைதோறும் அவன் கையெழுத்து. 'நெஞ்சு வலி: ஆஸ்பிரின். மெல்லணும், முழுங்கக் கூடாது.' மென்றேன். 6.26. பக்கத்துக் கடை காதரைக் கூப்பிட்டேன். குரல் எழவில்லை. ஜன்னல் கம்பியில் டம்ளரைத் தட்டினேன்.

காதர் ஓடி வந்தார். ஆம்புலன்சுக்குச் சொன்னார். பைக்குள் கைவிட்டார்.

"அண்ணாச்சி, நாக்குக்கு அடியில வைக்குத மாத்திரை இந்தா இருக்கு. எங்க மாமாவுக்கு இதத்தான் வச்சாவ."

உறையைக் காட்டினேன். 'பிரஷர் பாக்காம வைக்கக் கூடாது.'

"மவன் அங்கன இருந்துக்கிட்டே அதட்டுதானே. அவனுக்குப் போன் போடவா?"

"வேண்டாம் காதரு. அவனுக்கு வேலை கெடக்கு."

ராஜபாளையத்திலிருந்து வண்டி வந்தது, 6.44. ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனை, 7.08. ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கும் கீழே. அந்த மாத்திரை இன்னும் இறக்கியிருக்கும் என்றார் மருத்துவர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். அதற்கு, வலி தொடங்கிய நேரம் தெரிய வேண்டும்.

"ஆறு பதினேழு."

"வாட்ச்சப் பாத்துக்கிட்டேவா வலிச்சுது?" என்றார் நர்ஸ்.

ஊசி ஏறியது, 7.22. கைபேசி தலையணை அருகில். இரவு முழுவதும் ஒலிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. சனிக்கிழமை காலை காதர் வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராணுவத்திலிருந்து அவர் கடைக்குப் போன் வந்திருந்தது.

மகனோடு முகாமில் இருந்த வீரர் பின்னர் வீட்டுக்கு வந்தார். ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி மருந்து அவன் பையில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. அடிபட்ட இருவருக்கும் போட்டான். மூன்றாவதாக அடிபட்டது அவன்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"ஏழு, ஏழரை இருக்கும்யா. யாரும் மணி பாக்கல."

எழுதி வைக்கிறேன். பிழைத்தோர் மூவர். அந்த இருவரும் நானும். மூவருக்கும் முதல் மருந்து அவன் கொடுத்தது. இறந்தவர் ஒருவர். என் மகன் முருகேசன். வயது முப்பத்தொன்று.

நேரம் எழுத விட்ட இடம் காலியாக இருக்கிறது.