சாறத்துக்குள் போன கொப்பி

"ஹலோ... ஹலோ, பலீல் நானாவா?... நான் கபிரியேல்... ரத்தோட்ட கபிரியேல், தம்புள்ளயிலருந்து பேசுறேன்... ஆமா, ஆமா, எயார்போர்ட்டு வேலதான்... சொகம் எல்லாம் அப்புறம் விசாரிப்போம். பதினொரு மணிக்கு இங்கருந்து வெளிக்கிட்ட மாத்தள பஸ்ஸு பலாபத்வலைக்கு வந்திருச்சா? ஒங்க தேத்தண்ணிக் கடயத் தாண்டிருச்சா?... இன்னும் வரலயா? நல்லாப் பாத்தீங்களா?... மாதாவே!"

கபிரியேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். போன் கடைக்காரர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கத்தை எவ்வளவு நேரம்தான் படிப்பாரோ! கபிரியேல் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த பஸ்ல கொறற்றி வாறா நானா... ஆமா, என் சம்சாரம். ஞாயித்துக்கெழமன்னு சாப்பாடு கொண்டாந்தா. போகும்போது அழுக்குத் துணிய வாரிக்கிட்டுப் போயிட்டா. அதுல நான் கட்டுற சாறத்துக்குள்ள என் கொப்பி இருக்கு... வண்டி எண்ணுன கொப்பி... வண்டி நானா, வண்டி! எயார்போர்ட்டுக்குப் புது ரோடு போடப் போறாங்கல்ல? வாசல எந்தப் பக்கம் வைக்கிறது, எத்தன வேன் நிறுத்த எடம் வேணும்னு பாக்கணுமாம். வாறது போறது எல்லாத்தையும் மணியோட எழுதச் சொன்னாரு இன்ஜினியர் மஹத்தயா. இருவத்தொரு நாளா வேப்ப மரத்தடியில குந்தி எழுதுனேன்... நேத்து மழை. நனைஞ்சிரும்னு சாறத்துல சுத்தி வச்சேன்...

"...பயம் என்னத்துக்கா? ஆமி வண்டியும் எழுதியிருக்கேன் நானா!... ஐயோ, அவருதான் 'சக்கரம் வச்சது எதையும் வுடாத'ன்னாரு. நான் எதையும் வுடல. காலம்பர ஆறரைக்கு ஜீப்பு ரெண்டு, ஏழேகாலுக்கு ட்ரக்கு ஒண்ணு... வாசல், வேலி, வண்டி நிக்கிற எடம்னு படம் வேற கீறி வச்சிருக்கேன்... இல்ல, சிங்களத்துல இல்ல. தமிழ்ல."

சிங்களம் பேசச் சொன்னால் கபிரியேல் சந்தைக்காரனையே திணறடிப்பான். எழுதச் சொன்னால்தான் கை ஓடாது. அவன் வாசிக்க, மஹத்தயா சிங்களத்தில் எழுதிக்கொள்வார். இருவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

"ஒங்க கடைக்கு அங்கிட்டு செக்பொயின்ட்டுல எல்லாரையும் எறக்கி பேக்கத் தொறந்து பாப்பாங்கல்ல?... ஆங், அதான். நம்ம தோட்டத்து அழகமுத்து மவன, பேக்குல இருந்த ரெண்டு டோர்ச் பெட்டரி குண்டுக்குன்னு சொல்லி ரெண்டு கெழம உள்ள வச்சிருந்தாங்க. சண்ட நடக்குது, வானத்துல ப்ளேன்னு சொன்னாலே ஆமிக்காரங்க மெரள்ற நேரத்துல, இவ பேக்குல எயார்போர்ட்டு படம்..." கடைக்காரர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "கடுதாசி இருக்கு நானா. 'இந்த ஆளு நம்ம வேலைக்குத்தான் வண்டி எண்ணுறாரு'ன்னு மஹத்தயா சீல் குத்திக் குடுத்த கடுதாசி. கொப்பியோட அதக் காட்டுனா ஒரு தொல்லையும் இல்ல. ஆனா கடுதாசி என் சட்டையில, கொப்பி அவ பேக்குல!... அவரா? கொழும்புல. வெள்ளிக்கெழமதான் வருவாரு."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். மடித்த காகிதம் இருந்தது. இப்போது அவனுக்கு இருந்த தெம்பு அது ஒன்றுதான்.

"நீங்க பஸ்ஸ மறிச்சு அவள எறக்கிருங்க... சும்மா கூப்புட்டா எறங்க மாட்டா! டிக்கட்டு எடுத்த எடத்துக்கு முன்னால அவள யாராலயும் எறக்க முடியாது. அவ அம்மா மரியாயிக்குக் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில கெடக்காங்கன்னு சொல்லுங்க... பொய்தான், மாமி கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்க. மாதா மன்னிப்பா. கொறற்றி மன்னிக்க மாட்டா, அத நான் பாத்துக்குறேன்... என்ன சத்தம் அது? பஸ்ஸா? ஓடுங்க! நானா, ஓடுங்க!"

பலீல் போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினார். கபிரியேலின் காதில் ஹார்ன் அடித்தது, யாரோ கத்தினார்கள், பிறகு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது. செபமாலையைத் தேடினான். அதுவும் அழுக்குச் சட்டையோடு போயிருந்தது.

"ஹலோ?... எறங்கிட்டாளா? கொறற்றி எறங்கிட்டாளா?... ஆமா... ஆமா... அழுவுறாளா? அழுவட்டும் நானா, அழுதா அழுவட்டும்!" அவனுக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "வெளிய பெஞ்சுல இருக்கட்டும், ஒரு தேத்தண்ணி குடுங்க. பேக்க மட்டும் உள்ள கொண்டாந்துட்டீங்களா?... ஆமா, பச்சை மட்டை, பொலித்தீன் கவர்... வேணாம், ஒளிச்சு வைக்காதீங்க! கடயச் சோதிச்சா ஒங்க தலையில விடியும். அடுப்பு எரியுதுல்ல? தூக்கிப் போட்டுருங்க... இருவத்தொரு நாளு போனாப் போவட்டும். மறுபடி எண்ணிக்குறேன், வண்டி எங்க போயிரப் போவுது?... போடுங்க நானா, கவரோட அப்படியே... போட்டாச்சா? நல்லா எரியுதா?... ஒங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்.

"...நான் வைக்கவா? ரெண்டு மணிக்குள்ள எயார்போர்ட்டு கேட்டுக்குள்ள போவணும். கடுதாசி காட்டாம உள்ள வுட மாட்டாங்க... என்ன?... என்ன சொன்னீங்க?... கவருக்குள்ள வேற ஒரு கடுதாசியா?... நீல சீலு... சிங்களத்துல டைப் அடிச்சது..."

கபிரியேல் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். கொறற்றி காலையில் எழுதிக் கொடுத்த சீட்டு. சவுக்காரம், சீனி, பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து. நேற்று மழைக்குப் பயந்து கடுதாசியைக் கொப்பிக் கவருக்குள் தானே சொருகி வைத்தது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"எடுக்காதீங்க நானா, கையச் சுட்டுக்காதீங்க... இல்ல, ஒங்க மேல தப்பு இல்ல. போடச் சொன்னது நான்தானே... கடுதாசியும் கூடவேதான் வந்திருக்கு. பேசாம வுட்டிருந்தா கொறற்றி பாட்டுக்குப் போயிருப்பா... ஆமா... ஐடென்டிட்டி இருக்கு, அதுல ரத்தோட்ட தோட்டத்து விலாசம். இங்க ஒனக்கு என்ன வேலன்னு கேட்டா... ஆமா, வெள்ளிக்கெழம வரைக்கும் எனக்காகச் சொல்ல யாரும் இல்ல..."

கடைக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். வாசலில் ஓர் ஆமி ஜீப் வந்து நின்றது. பழக்க தோஷம், கபிரியேல் நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். பன்னிரண்டே முக்கால்.

"நானா, கொறற்றிகிட்ட சொல்லுங்க... இல்ல, என்னப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க. அம்மாவுக்கு வருத்தம்னே இருக்கட்டும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவ அந்தப் பயத்தோடயே போவட்டும்... ஆமா... வைக்கிறேன்."