வாத்துக் கதையும் தண்ணீர்க் கட்டுரையும்

என் பொண்ணு ரெடியாத்தான் இருக்கா மேடம், உள்ள ஷூ மாட்டிட்டிருக்கா. நீங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட? ஒண்ணா? எங்க ஊர்ல அதை டீன்னு சொல்ல மாட்டாங்க, மருந்துன்னுதான் சொல்லுவாங்க. சரி, உங்க இஷ்டம்.

தமன்ஹூர் டவுனுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது, கதைப் போட்டி பதினோரு மணிக்குத்தானே. நான் என்ன கேக்குறேன்னா, அவ நேர்ல வந்துதான் ஆகணுமா? உங்க கல்வி ஆபீஸ்ல கதையத்தான் ஏற்கனவே வாங்கிட்டீங்களே, அதை வச்சே மார்க் போட்டுட முடியாதா? ஆமா, தெரியும். அங்கயே தலைப்புக் குடுப்பாங்க, நடுவருங்க முன்னாடி உக்காந்து எழுதணும். கடுதாசியில போட்டிருந்துச்சு, நாலு தடவை படிச்சேன். அவளுக்கு லேசா காய்ச்சல் வேற. இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, இப்ப தொட்டுப் பாத்தா தெரியாது. காலையில இருந்துச்சு.

சரி, காய்ச்சல் இல்ல.

கோவிச்சுக்காதீங்க மேடம். பொய் சொல்றது எனக்குப் பழக்கம் இல்ல, அதான் உடனே மாட்டிக்கிறேன். இவ அப்பா ரகப் செங்கல் லாரி ஓட்டுறார். கடுதாசி வந்த அன்னிக்கு டீக்கடை மொத்தத்துக்கும் சிவப்பு ஷர்பத் வாங்கி ஊத்திட்டு வந்துட்டார். மனுஷன் எங்க கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு ஊத்தல. பள்ளிக்கூடத்து வாசல்ல இவ போட்டோ போட்டு, எங்கள் குட்டி எழுத்தாளர் ரீதாஜ்னு பேனர் கட்டியிருக்காங்க, வரும்போது பாத்திருப்பீங்க. இவ்வளவுக்கும் அப்புறம் போகாதேன்னு சொல்லவும் வாய் வரல, போன்னு அனுப்பவும் மனசு வரல.

எதை மேடம் பாக்குறீங்க, பீரோ மேலயா? எல்லாம் ஸ்கூல் வேலைங்கதான். நீலமாப் போகுதே, அது நம்ம நைல் நதி, ரவைக்குச் சாயம் போட்டு ஒட்டுனது. இந்தப் பக்கம் எரிமலை. வட்டமா தொங்குறது சூரியக் குடும்பம். கிரகம் எல்லாம் பொரிச்ச பருப்பு வடை, வெயில்ல காயவச்சு வார்னிஷ் அடிச்சேன். வியாழன்னு ஒண்ணு பெருசா இருந்துச்சு, எலி தூக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கும் டீச்சர் முழு மார்க் போட்டாங்க, வியாழன் எங்கேன்னு யாரும் கேக்கல.

ஆமா, நான்தான் செஞ்சேன். எல்லா அம்மாவும்தான் செய்றாங்க. முடியாதவங்க கடையில ஆர்டர் குடுக்குறாங்க. எங்க தெருவுல பாதிப் பேரு எங்கிட்ட குடுப்பாங்க, பதிலுக்கு நாலு முட்டையோ ஒரு கட்டுக் கீரையோ கொண்டாந்து வைப்பாங்க. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒன்பதாவது வரைக்கும்தான், ஆனா கை சும்மா இருக்காது. ரொட்டி சுடுற நேரத்துல ஒரு கையால எரிமலை பண்ணிடுவேன்.

கட்டுரையும்தான். அதையும் சொல்லிடுறேன். முதல்ல கட்டுரைன்னா டீச்சர் போர்டுல எழுதிப் போடுவாங்க, புள்ளைங்க மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும், அத்தோட தீந்துச்சு. இப்ப புதுப் பாடத்திட்டம், சொந்தமா யோசிச்சு எழுதணுமாம். சொந்தமா யோசிக்கிறதும் எங்க தலையிலதான் விடிஞ்சுது. நான் யோசிப்பேன், எழுதுவேன், ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டுவேன். ரீதாஜ் அதைப் பாத்து நோட்டுல எழுதுவா. அவ கையெழுத்தப் பாத்திருக்கீங்கல்ல? அச்சுல வார்த்த மாதிரி. பள்ளிக்கூடத்துலயே அப்படி யாருக்கும் இல்லன்னு ஹெட்மாஸ்டர் அம்மாவே சொன்னாங்க. ஒவ்வொரு எழுத்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதுவா, பூ வரையிற மாதிரி.

வாத்துக் கதையும் நான் எழுதுனதுதான் மேடம். விருந்தாளி வர்றாங்கன்னு அறுக்கப் போறாங்க, வாத்து தினம் ஒரு சாக்குச் சொல்லித் தப்பிச்சுக்குதே, அந்தக் கதை. மாவு பிசைஞ்சுக்கிட்டே மனசுல ஓட்டுனேன். போட்டிக்கு அனுப்புவாங்கன்னு கனவுலகூட நினைக்கல. அனுப்புனாலும் ஜெயிக்கும்னு நினைக்கல.

நீங்க சிரிக்கிறீங்க. இதுக்கா இவ்வளவு தயக்கம்னு நினைக்கிறீங்க. அம்மா உதவி பண்ணாத புள்ள யாரு, அங்க வந்து தெரிஞ்சதை அவளே நாலு வரி எழுதட்டும்ங்கிறீங்க. நீங்க நல்லவங்க மேடம்.

அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல இவ கதை படிச்சப்ப முன்வரிசையில உக்காந்திருந்தீங்கல்ல. கைக்குட்டையால கண்ணு தொடச்சீங்க, நான் சன்னல் வழியாப் பாத்தேன். என்னமாப் படிச்சா. வாத்துக்கு ஒரு குரல், வீட்டுக்காரிக்கு ஒரு குரல். வரிக்கு வரி விரலை வச்சு ஓட்டி, சரியான இடத்துல பக்கத்தைத் திருப்பி.

அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு மாஸின் அழுதுட்டு வந்தான். இவ வகுப்புதான் அவனும். அவனுக்குத் தண்ணியச் சிக்கனமா செலவு பண்றதப் பத்திக் கட்டுரை எழுதிக் குடுத்திருந்தேன். அத்தே, என் ஃபைல்ல வாத்து இருக்கு, கட்டுரை எங்கேன்னு டீச்சர் கேட்டாங்க, வயித்து வலின்னு சொல்லித் தப்பிச்சேன்னான். ரெண்டும் என் கையால எழுதுன தாள், ஒரே மாதிரி பச்சை ஃபைல் மேடம், அவசரத்துல நான்தான் மாத்திப் போட்டிருக்கேன். இவ பையைத் திறந்து பாக்குறேன், தண்ணீர்க் கட்டுரை இருக்கு. உங்க முன்னாடி கையில பிடிச்சிருந்தாளே, அது அந்தக் கட்டுரைதான். குழாயை இறுக்கி மூடுங்கள்னு எழுதியிருக்கிற வரியில விரலை ஓட்டிக்கிட்டே வாத்து அழுததைச் சொல்லியிருக்கா.

அதேதான், மனப்பாடமா இருந்திருக்கும், தாளைப் பாத்தே இருக்க மாட்டான்னு நானும் நினைச்சேன். என்ன ஞாபகசக்தி என் புள்ளைக்குன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு, ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் தோணுச்சு. மேல பெரிய எழுத்துல தலைப்பு இருக்கே. ஒரு தடவையாவது திகைச்சிருக்கணும்ல? திரும்பி என்னைத் தேடியிருக்கணும்ல? வீட்டுக்கு வந்தாவது, அம்மா தாள் மாறிடுச்சுன்னு சொல்லியிருக்கணும்ல? நல்லாப் படிச்சேனாம்மான்னுதான் கேட்டா.

அவளைத் தப்பு சொல்ல முடியாது மேடம். ஒண்ணாவது படிக்கும்போது ஒரு எழுத்து எழுத அரை மணி நேரம் ஆகும் அவளுக்கு. அடுப்புல சோறு, தொட்டில்ல சின்னவன், மறுநாள் கொண்டுபோக ஒட்டுவேலை வேற. குடு நான் எழுதிடுறேன், நீ தூங்குன்னு பென்சிலைப் புடுங்கிப்பேன். கோபத்துல இல்ல, பாசத்துலதான். வகுப்புல அறுபத்தேழு பேரு, இவ பேரு வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும். மூணாவது வரைக்கும் எழுத்துப் பரீட்சையும் கிடையாது, இந்த மாதிரி வேலைங்களுக்குத்தான் மார்க்கு. என் கைவேலைக்கெல்லாம் நீலக் கட்டம், அதிகபட்ச மார்க்கு. நாலாவதுல சரியான விடைக்கு வட்டம் போடுற கேள்விதான், பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு நல்லாப் படிக்கிறவ.

நேராக் கேட்டுடலாம்தான். புத்தகத்தைக் கையில குடுத்து, படிடின்னு ஒரு வார்த்தை. ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. அவ முகத்தைப் பாத்தேன், கேக்க முடியல. எனக்குத் தெரியும்னு அவளுக்கு இன்னும் தெரியாது மேடம்.

உங்க டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க, சொல்லி முடிச்சிடுறேன்.

கேக்காமலே தெரிஞ்சுக்கலாம்னு ஒரு வேலை பண்ணேன். அவளுக்கு பஸ்பூஸா, அதான் ரவை கேக்குன்னா உசிரு. போன ஞாயித்துக்கிழமை ஒரு தட்டு நிறையப் பண்ணி, பாகு ஊத்தி, மூடி போட்டு, அவ கண்ணுல படுற மாதிரி மேசை மேல வச்சேன். மூடியில ஒரு தாள் ஒட்டுனேன். ரீதாஜ், இது முழுக்க உனக்குத்தான், யாரையும் கேக்க வேணாம், எடுத்துத் தின்னுன்னு, ஒண்ணாவது புள்ளைக்கும் புரியிற மாதிரி பெரிய பெரிய எழுத்துல. வெளியில போற மாதிரி போயிட்டு வந்தேன். தட்டு அப்படியே இருந்துச்சு. மறுநாளும் அப்படியே. சின்னவன் கை வைக்கப் போனான், தட்டி விட்டா, தொடாதே, அம்மா அடிப்பாங்கன்னு. தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது பக்கத்துலதான் உக்காருறா. ஒட்டியிருக்கிற தாளை விரலால தடவித் தடவிப் பாக்குறா. மூடிய மட்டும் திறக்கல.

இன்னிக்கு நாலாவது நாள். காலையில தலை பின்னிக்கிட்டிருந்தேன். அம்மா, அந்த பஸ்பூஸா யாருக்கு வச்சிருக்கே, என்னைக் கூட்டிட்டுப் போக வர்ற மேடத்துக்கான்னு கேட்டா.