வௌவால் போட்ட சட்டை

வௌவால் செதுக்குவது பெரிய வித்தையில்லை, ஐயா. சிறகை வளைத்து இரண்டு காது வைத்தால் போதும். இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

எங்கள் எடோ நகரில் போரைப் பற்றிப் பெயர் போட்டுப் படம் அச்சிட்டால் கைவிலங்குதான். அதனால் சண்டைக்காரர்களை விளையாடும் பிள்ளைகளாகக் காட்டுகிறோம். சட்டையில் மெழுகுவர்த்தி இருந்தால் எங்களை ஆளும் ஷோகன் பக்கத்து ஐஸு நாட்டான், கூடைப் பின்னல் இருந்தால் ஷோகனை எதிர்க்கும் சத்சுமா நாட்டான். மிச்சத்தை ஊர் கண்டுபிடித்துச் சிரிக்கும். ஓவியர் வரைவார், பலகையில் நான் செதுக்குவேன், மை தடவி அச்செடுப்பவன் கமெஜி.

போன மாதம் நான் சத்சுமா முகாமிலிருந்து வெளியே வந்ததை அவன் பார்த்துவிட்டான். அங்கே உளவு சொல்பவனை ஷோகனின் வாள்காரர்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்த நேரம். உளவு சொன்னவன் நான்தான்.

"என்ன தத்சு அண்ணே, நீங்களும் கூடை பின்னக் கிளம்பிட்டீங்களா?" என்று சிரித்தான். "பயப்படாதீங்க, நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்?"

அவன் சொல்லவும் இல்லை. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உளியைக் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்த படத்தில் பிள்ளைகள் கயிறு இழுக்கிறார்கள். கூடைச் சட்டைக்காரன் காதில் ஒருவன் குசுகுசுக்கிறான். குசுகுசுக்கிறவன் சட்டையை ஓவியர் வெறுமையாக விட்டிருந்தார். நான் வௌவால் போட்டேன். கமெஜி தினமும் போட்டுக்கொண்டு திரியும் நீலச் சட்டையில் இருந்த அதே வௌவால்.

அவனேதான் அச்செடுத்தான். முதல் தாளை உரித்ததும், "அட, என் சட்டை! குறும்பு போகலையே அண்ணே உங்களுக்கு. ஓசென் பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா" என்றான். ஓசென் அவன் மனைவி.

குளியல்கூடத்தில் படம் கைமாறியது.

"இந்த வௌவால் யாருடா?"

"நம்ம அச்சுக்கார கமெஜி இல்ல? அடப்பாவி, இவனா?"

ஓரத்தில் இரண்டு வாள்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்துவரை வெந்நீரில் இருந்தேன். வாய்வரை அமிழ்ந்துகொண்டேன்.

பாலத்தடியில் கிடந்தவனை, சட்டையைப் பார்த்துத்தான் ஓசென் அடையாளம் சொன்னாள். பார்ப்பதற்கு முகம் இருக்கவில்லை. நானும் போய் அழுதேன், உண்மையாகவே அழுதேன்.

நான் யார் பெயரையும் எழுதவில்லை, ஐயா. படித்தது ஊர், வெட்டியது வாள்காரர்கள். கொன்றது நீதான் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அவனை நான் வெறுத்ததே இல்லை. அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. மறுபடி எனக்குச் சோறு இறங்காது. உங்கள் சட்டைக் கையில் ஓடுவது அலைதானே, ஐயா? அதுவும் செதுக்கச் சுலபம்.