அந்த எடத்துக்குத் தகடு இல்ல

அந்தத் தாம்பாளத்த நீங்களே எட்டி எடுத்துக்கிருங்க ஆச்சி. கோவிச்சுக்கிராதீக. நான் இந்தப் பலகையில ஒக்காந்துட்டா லேசுல எந்திரிக்க மாட்டேன். கோயில் வாசல்ல கேட்டுப் பாருங்க, முத்தழகு சோம்பேறி, யாவாரம் பண்ணத் தெரியாத பொம்பளன்னு சொல்லுவாக. ஆங், அதுதான். கண்ணு, கையி, காலு, தொட்டிலுன்னு வெள்ளித் தகடு எல்லாம் அதுக்குள்ள கெடக்கு. அம்மனுக்கு எது நேந்துக்கிட்டீகளோ அதப் பாத்து எடுங்க. மத்தியானப் பஸ்ஸுக்கு மதுரைக்குப் போறேன், கடைய எடுத்து வைக்கிற நேரமாப் பாத்து வந்துருக்கீக. பரவால்ல, நேரம் கெடக்கு.

வயிறா?

யாருக்கு ஆச்சி? ஒங்களுக்கேவா. சரி, வயித்து வலின்னா வயித்து வலிதான், நான் ஒண்ணும் கேக்கல. கண்டனூருல்ல நீங்க? நெனச்சேன். கலியாணம் காட்சின்னாத்தான் கதவு தெறக்குற வீடுக அங்க. ஓ, நீங்க மட்டும் இருக்கீகளா, செட்டியாரு மலாயாவுலயா. அம்புட்டுப் பெரிய வீட்டுல ஒத்தையா. குடிதண்ணி யாரு எடுத்துத் தாரா? நீங்களேவா, ஊருணியில இருந்தா? ம்.

இல்ல, சும்மாதான் கேட்டேன். நீங்க படியேறி வாரப்பவே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு படி ஏறுறீக, தூணப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீக. இருமல் வந்ததும் ரெண்டு காலயும் இறுக்கிக்கிட்டு நின்னீக. கோவமா ஆச்சி? சரி, சொல்லல. செத்த இந்தச் சுவத்துல சாஞ்சுக்கிருங்க. வெயிலு தணியட்டும்.

இந்தக் கடையில எது நெறைய விக்கும்னு நெனைக்கிறீக? எல்லாரும் கண்ணும்பாக. இல்ல, வயிறுதான். ஆம்பளையும் வாங்குவான். ஆனா அவன் முந்தாநாளு என்ன தின்னான், எப்ப வலிச்சுச்சுன்னு பக்கத்துல நிக்கிறவனுக்கெல்லாம் கதை சொல்லிக்கிட்டே வாங்குவான். பொம்பளைக அப்படி இல்ல. வந்து நிப்பாக, தொட்டிலப் பாப்பாக, காலப் பாப்பாக, கடைசியில வயித்த எடுத்து வெடுக்குன்னு முந்தானையில முடிஞ்சுக்கிருவாக. நீங்க இப்ப முடிஞ்சீகளே, அப்படித்தான்.

ஏன்னா அந்த எடத்துக்குத் தகடு இல்ல ஆச்சி. ஆசாரி அடிச்சுத் தாரதுல எல்லா உறுப்பும் இருக்கு, அது மட்டும் இல்ல. அவருகிட்டப் போயி எந்தப் பொம்பள வாயத் தெறந்து சொல்லுவா? அதுனால எல்லாரும் வயித்த வாங்குறாக. அம்மனும் பொம்பளதான, அவளுக்கு வெளங்கும்னு ஒரு நம்பிக்கை.

அந்தத் தகட்டத் திருப்பிப் பாருங்க. ஓரம் தேஞ்சிருக்கா? புதுசு இல்ல அது. உண்டியல்ல விழுறத கோயில்ல ஏலம் விடுவாக, நான்தான் எடுப்பேன். சாம்பலப் போட்டுத் தேச்சுத் திரும்ப அடுக்கிருவேன். வழக்கமா நடக்குறதுதான், தப்பொண்ணும் இல்ல. அந்த ஒரு வயிறு எம்புட்டுப் பேரு முந்தானையில போயிட்டு வந்துருக்குன்னு நெனைக்கிறீக? நடவு நடுறவ, வாத்தியாரு சம்சாரம், கொத்தமங்கலத்துல பெரிய வீட்டு ஆச்சி ஒருத்தக காருல வந்து எறங்கி வாங்கிட்டுப் போனாக. ஒருத்தி போட்டத இன்னொருத்தி வாங்குறா. ஆனா ஒருத்தி சங்கதி இன்னொருத்திக்குத் தெரியாது. ஊரு ஒலகத்துல தனக்கு மட்டுந்தான் இந்தக் கேடுன்னு நெனச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு போறாக.

நானா சொல்லல. இந்தி வேணாம்னு சண்டை நடந்ததுக்கு மறு வருசம், புள்ள பொறக்காம இருக்க லூப்பு வைக்கிறோம்னு சர்க்காரு ஆளுக வந்தாகல்ல, மருமகளக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அங்க இருந்த நர்சம்மா கையக் கழுவிக்கிட்டே பொலம்புது. வந்த பொம்பளைகள்ல பாதிப் பேருக்குக் கிட்ட அடி எறங்கி, கருப்பை வெளிய தள்ளிக் கெடக்கு, ஒருத்தியாச்சும் சொன்னாளா, கேட்டா எங்க மாமியாளுக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்குறாளுக அப்படின்னு. புள்ள பெத்த பச்ச ஒடம்போட குடத்தத் தூக்குனா, நெல்லு குத்துனா, வேற என்ன ஆகும்னு அது கேக்குது. நாங்கள்லாம் மருந்துக் காரத்தத் தின்னுட்டு மறுநாளே கொல்லையில வேலைக்கு எறங்குனவக.

இதெல்லாம் ஒங்ககிட்ட ஏன் சொல்றேன்னு பாக்குறீக. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா ஆச்சி. அழகி. பக்கத்து வீட்டுலயே வாக்கப்பட்டா, எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒத்தச் சுவருதான். நான் வெஞ்சனம் வச்சா அவளுக்கு ஒரு கிண்ணம், அவ மீன் கொழம்பு வச்சா எனக்கு ஒரு கிண்ணம். அப்படி இருந்தவ, கொஞ்சங் கொஞ்சமா ஒதுங்க ஆரம்பிச்சா. கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டா, வந்தாலும் பாய்ல ஒக்கார மாட்டா, ஓரமா நின்னுட்டு ஓடிருவா. வெத்தல பாக்குக் கூட வாங்கலன்னு வீட்டுக்காரவுகளுக்கு வருத்தம். புருசன்கிட்டயும் போறது இல்ல போலருக்கு, அந்த மனுசன் குடிச்சுட்டு வந்து சுவரு அதிரக் கத்துவான். காசு பணம் வரவும் அழகிக்கு ராங்கி வந்துருச்சுன்னு சாதி சனம் பூரா பேசுச்சு. ராங்கின்னுதான் நானும் நெனச்சேன். நீரு கசிஞ்சு சேலை நனைஞ்சிரும்னு பயந்து நிக்கிறான்னு எவ கண்டா?

ஒரு நாளு இந்தா, நீங்க நிக்கிற எடத்துலதான் வந்து நின்னா. காலு ஒண்ணு வேணும்னா. காலு வீங்கித்தான் இருந்துச்சு, மொகமும் அதச்சுப் போயிருந்துச்சு. நாங் குடுத்தேன். பால்குடமும் எடுக்குறேன்னு நேந்திருந்தா. எடுத்தா ஆச்சி. தலையில குடத்த வச்சிக்கிட்டு, வெயில்ல, அம்புட்டுத் தூரமும் எறக்காம நடந்தா. வேத்து ஊத்துது, ஒதட்டக் கடிச்சுக்கிட்டு வாரா. அருளு வந்துருச்சுன்னு நாங்க குலவை போட்டோம்.

அதுக்குப் பெறகு ரொம்ப நாளு இருக்கல. நீரு போகல, வீக்கம் நெஞ்சுக்கு ஏறிருச்சு. செய்வினைன்னாக, மந்திரிச்சாக. எறங்குன அடி நீர்ப்பாதைய அடைச்சு உள்ள பூரா கெட்டுப் போயிருக்கும்னு அந்த நர்சம்மா பெறகு சொல்லித்தான் தெரியும்.

நாந்தான் குளிப்பாட்டுனேன். சேலையத் திரையாக் கட்டிக்கிட்டு, மருமகள வெளிய போகச் சொல்லிட்டு, நான் மட்டும். அப்பப் பாத்தேன். பழைய வேட்டித் துணியக் கிழிச்சு, எலுமிச்சங்கா கணக்கா இறுக்கிச் சுத்தி, மேல எண்ணெயத் தடவி, எறங்குன அடிக்கு உள்ள முட்டுக் குடுத்து, நழுவாம இருக்க இடுப்புல ஒரு நாடா. பாத்த ஒடனே வெளங்கிருச்சு. எம் பொறப்ப இந்தக் கையாலதான் கழுவுனேன் ஆச்சி, கழுவிட்டு அந்தத் துணிய யாரு கண்ணுலயும் படாம அடுப்புல போட்டேன். அவ மறைச்சத நானும் மறைச்சேன். வேற என்ன செய்ய முடியும்.

அழுகாதீக. அழுகணும்னா அழுங்க, இங்க யாரும் பாக்க மாட்டாக.

போன ஏலத்துல அவ போட்ட காலும் வந்துருச்சு. கட்ட வெரலு மடங்கியிருக்கும், அத வச்சு அடையாளம் கண்டேன். அத மட்டும் விக்கல. இந்தா, இந்த மூட்டையில முடிஞ்சு வச்சிருக்கேன்.

மதுரைக்கா? ஆமா, பெரியாஸ்பத்திரிக்குத்தான். அந்த நர்சம்மா சொல்லி விட்டுருக்கு. பொம்பள டாக்டருதானாம், உள்ள தூக்கி வச்சுத் தச்சுருவாகளாம். தச்சுட்டுக் குடம் தூக்கக் கூடாதாம், அது எப்படி முடியும்னு தெரியல. பயமாத்தான் இருக்கு. தொணைக்கு வர யாரும் இல்ல, மகன்கிட்ட இதச் சொல்லவா முடியும், மூட்டு வலிக்குப் பாக்கப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

என்ன கேக்குறீக? பாத்த ஒடனே எப்படி வெளங்குச்சுன்னா?

நானும் அப்படித்தான ஆச்சி சுத்துறேன். அதே வேட்டித் துணி, அதே நாடா. கடைசிப் புள்ள பொறந்ததுல இருந்து தெனம் காலையில அதான் மொத வேலை. சுவத்துக்கு அங்குட்டு அவ சுத்திக்கிட்டு இருந்துருக்கா, இங்குட்டு நான் சுத்திக்கிட்டு இருந்துருக்கேன்.

தகட்டத் தாம்பாளத்துலயே போட்டுட்டீகளா. சரி. அந்தக் கையக் கொஞ்சம் குடுங்க, எந்திரிக்கணும்.